கோடு எண்ணிய அம்மாள்

மனுவில் மனுதாரரின் புகைப்படம் ஒட்டப்பட வேண்டும். புகைப்படம் எடுக்க வசதியில்லாத இடங்களில், இரண்டு அங்க அடையாளங்களைக் குறித்து, இடது கைப் பெருவிரல் ரேகை பெற்று, ஊர்ப் பெரியவர் ஒருவரின் சான்றோடு மனுவை ஏற்கலாம். விதி இவ்வளவுதான். நல்ல விதி. வசதியில்லாதவர்களைப் பற்றி யாரோ யோசித்து எழுதியிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்பவர்களைப் பற்றித்தான் யோசிக்கவில்லை. புகைப்படம், ரேகை, அங்க அடையாளம், ஊர்ச் சான்று ஆகிய நான்கையும் மறுத்த மனுதாரரை என் உத்தியோக காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அது ஜமுனாமரத்தூரில்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. "பேர எழுதி வெச்சா எவனாவது எடுத்துப் போட்டுக்குவான்" என்பது அவருடைய கொள்கை. கொடியில் காயும் புடவையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். அது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் மலைமேல் ஒரு தற்காலிக முகாம் அலுவலகம் போட்டிருந்தார்கள். புறம்போக்கில் நிற்கும் புளியமரங்களை யார் வளர்த்துக் காத்து வருகிறார்களோ அவர்களுக்கு மரப் பட்டா கொடுப்பது எங்கள் வேலை. நிலம் அரசாங்கத்துடையது, மரம் அரசாங்கத்துடையது, பழம் மட்டும் பட்டாதாரருடையது. பட்டா கிடைக்காத மரங்களின் மகசூலை ஏலம் விட்டுவிடுவார்கள். தாசில்தார் மாதம் ஒருமுறை மலையேறி வருவார். மற்ற நாட்களில் உதவியாளனாகிய நான், வரைபடம் போடும் வரைவாளர், ஒரு பியூன். மலைமேல் அரசாங்கம் என்பது நாங்கள் மூவர்தான்.

அந்த அம்மாள் முதலில் வந்தது ஒரு சந்தை நாளில். எல்லோரும் கூடையை வாசலில் வைத்துவிட்டு வருவார்கள். இவர் கூடையை உள்ளேயே கொண்டுவந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் கைகளைப் பார்த்தார்.

"நீதான் ஆபீசர்னு யாரு சொன்னது?"

பியூன் பதறிப்போனார். "எம்மா, சாரைப் பாத்து அப்டியெல்லாம் கேக்கக்கூடாது."

"நீ பியூனுன்னு யாரு சொன்னது?"

பியூன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். காக்கிச் சட்டை அன்று துவைக்கப் போயிருந்தது. அதற்குமேல் அவரால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்வதை நம்பாதே, சரிபார் என்பதைத்தான் இலாகாத் தேர்வுகளில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை நான் படித்துத் தேறியிருந்தேன். இந்த அம்மாளுக்கு அது பிறவியிலேயே வந்திருந்தது.

ஓடைக்கரைச் சரிவில் வரிசையாக நிற்கும் புளியமரங்களுக்குப் பட்டா கேட்டு வந்திருந்தார். "நட்டது எங்க வூட்டுக்காரரு. அவரு போய்ட்டாரு. தண்ணி ஊத்துனது நானு, ஆடு கடிக்காம காத்தது நானு. இப்ப பழம் யாருதுன்னு நீ சொல்லணுமாம்."

"சொல்லிடலாம்மா. ஒரு போட்டோ வேணும்."

"போட்டோ இங்க இருக்கும், நான் மலையில இருப்பேன். அது இங்க இன்னா சொல்லுதோ, யாரு கண்டா?"

"அப்ப ரேகை வைங்க."

அப்போதுதான் கவனித்தேன். அந்த அம்மாளின் இடது கைப் பெருவிரல் நான்கு விரல்களுக்குள் மடங்கி ஒளிந்திருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு நாளும் அது அப்படியேதான் இருந்தது. "எங்க அக்கா வெச்சா. ரேசனுக்குன்னு ஒருத்தன் சொன்னான். வெறுங்காயிதம். அடுத்த வருசம் அவ கொல்லையில வேற ஆளு ஏர் ஓட்டுறான்."

"மச்சம், தழும்பு ஏதாவது சொன்னாலும் போதும்."

"என் மச்சம் எங்கன்னு உனக்கெதுக்கு?"

இந்தக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. ஊர்க்கவுண்டரிடம் சான்று வாங்கிவரச் சொன்னேன். "அவரு அந்த யாவாரி வாங்கிக் குடுக்கற டீயைக் குடிக்கிறவரு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வியாபாரி என்று அவர் சொன்னது ஒடுகத்தூரில் புளிக் கிடங்கு வைத்திருந்த ஒருவரை. மலைப் புளி பெரும்பாலும் அவர் கிடங்குக்குத்தான் இறங்கும். அம்மாள் போனபின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். அதே மரங்களுக்கு, அதே பெயரில், அதே ஊரைச் சொல்லி ஏற்கெனவே ஒரு மனு வந்திருந்தது. வியாபாரியின் ஆள் கொண்டுவந்து கொடுத்தது. ரேகை இருந்தது. ஊர்க்கவுண்டர் சான்று இருந்தது. புகைப்படமும் இருந்தது. சின்னதாக வெட்டி ஒட்ட வேண்டும் என்று தெரியாமல் ஸ்டூடியோவில் எடுத்த அஞ்சலட்டை அளவுப் படத்தை முழுதாக ஒட்டி, கீழ்ப்பாதியை மடித்து விட்டிருந்தார்கள். மேலே தெரிந்தது மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் முகம். இந்த அம்மாளுக்கு மூக்குத்தி இல்லை. ஆனால் மூக்குத்தியைக் கழற்றி வைக்கலாம், அடகு வைக்கலாம்.

நான் சந்தேகப்பட்டது இந்த அம்மாளைத்தான். எல்லாம் கொடுத்தவர்மேல் சந்தேகப்பட எந்த விதியும் இடம் தரவில்லை. எதுவும் கொடுக்காதவர்மேல் சந்தேகப்பட எல்லா விதிகளும் இடம் தந்தன. ஒருவருடைய மனுவை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது என்பதும் விதி. ஆகவே இப்படி ஒரு மனு இருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் அடுத்தடுத்த சந்தைகளில் அந்த அம்மாளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சந்தையில் எதை விற்றாலும் வாங்கினாலும் ஒருமுறை எடை போட்டபின், சரக்கை எடைக்கல் இருந்த தட்டிலும் எடைக்கல்லைச் சரக்கு இருந்த தட்டிலும் மாற்றி வைத்து மறுபடி நிறுக்கச் சொல்வார். பொய்த் தராசு இரண்டாவது தடவை காட்டிக்கொடுத்துவிடும். அவர் வருவதைப் பார்த்தாலே சில கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால், பஸ் வளைவில் மறையும்வரை டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருப்பார். யாரிடமாவது ஒரு காகிதத்தைப் படிக்கச் சொன்னால், அதே காகிதத்தைக் கடைவீதியின் அடுத்த கோடிக்குக் கொண்டுபோய் முதல் ஆளுக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்பார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டார். கொடுத்தவர் பாதி குடித்தபின், "அத இப்படிக் குடு" என்று கிளாஸை மாற்றிக்கொள்வார். என் டீயில் பாதி அப்படிப் பல தடவை போயிற்று.

"இவ்வளவு சந்தேகம் எதுக்கும்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்பறதுக்கு இன்னா அவசரம்?"

இதைவிட நல்ல அலுவலக நடைமுறை வாசகத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

வரைவாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. வரைபட வேலை இல்லாதபோது எதிரில் இருப்பவரை வீணான தாளின் ஓரத்தில் வரைந்துகொண்டிருப்பார். வரைபடத்துக்குப் பயன்படுத்தும் கெட்டியான பென்சில், முடி போன்ற கோடு. நிலத்துக்குக் கோடு போட்டே பழகியதாலோ என்னவோ, முகத்துக்கும் எல்லை மட்டும்தான் போடுவார். நிழல் கிடையாது, பூச்சு கிடையாது. தாசில்தார் வரும் நாளுக்காக அந்த அம்மாள் வாசலில் கூடையோடு காத்திருந்தபோது அவரை வரைந்துவிட்டார். வகிட்டிலிருந்து இறங்கும் கூந்தலுக்கு ஒரு கோடு, நெற்றியும் மூக்கும் சேர்ந்து ஒரு கோடு, மூடிய வாய் ஒரே கோடு. ஒரு காது. கழுத்தோரம் முந்தானை. கண் மட்டும் தாழ்ந்திருந்தது. தாளைக் கையில் எடுத்தால் அந்தக் கண் நம் பெருவிரலைப் பார்க்கும்.

அந்த அம்மாள் வரைவாளரின் கை அசைவதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா பண்ற?"

வரைவாளர் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. அம்மாள் தாளை எடுத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வலது கை விரல்களை மடக்கினார்.

"ஒம்போது கோடு" என்றார்.

"புடிச்சிருக்காம்மா?"

"என்ன மாதிரி இல்ல."

"என் தெறமை அவ்ளோதாம்மா."

"வேற எவ மாதிரியும் இல்ல. அது போதும்." தாளை என் மேஜையில் வைத்தார். "இத ஒட்டிக்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. "போட்டோ வேணாம்னுட்டு இது மட்டும் எப்படிம்மா?"

"போட்டோவுல எத்தினி இருக்குன்னு எண்ண முடியுமா? எவனாவது ஒண்ணு சேத்தா எனக்குத் தெரியுமா? இதுல ஒம்போது. பத்தாச்சின்னா வந்து கேப்பேன்."

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தான் முழுக்கச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆவணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்க விதி வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அரசாங்கம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு எழுதுவது. 'மனுதாரர் புகைப்படத்துக்குப் பதிலாகப் பென்சில் சித்திரம் அளித்துள்ளார். இதனை ஏற்கலாமா என்பது குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது.' தாசில்தார் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கடிதம் போயிற்று. தெளிவுரை வரும்வரை தற்போதைய நிலை தொடரும். அதாவது, முன்பே வந்த மனுவுக்கும் பட்டா கொடுக்க முடியாது, மரங்களை ஏலம் விடவும் முடியாது. அந்த வருஷம் அந்த அம்மாளே புளி உலுக்கினார்.

முதல் மனுவைப் பற்றிச் சொல்லாமல் மற்றதை அவருக்கு விளக்கினேன். "பதில் வராத வரைக்கும் உங்களுக்கு நல்லதுதாம்மா."

"பதில் வராதது எனக்கு நல்லதுன்னு நீ சொல்ற. பதில நீயே ஒளிச்சி வெச்சிருக்கலன்னு யாரு சொல்றது?"

அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும் வந்தார். கோப்பை எடுக்கச் சொல்வார். சித்திரத்தின்மேல் விரல் படாமல் காற்றில் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு எண்ணுவார். ஒன்பது வந்ததும், "செரி, வர்றேன்" என்று போய்விடுவார். நான் மேலிடத்துக்கு நினைவூட்டு எழுதுவேன். பதில் வராது. முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, தாசில்தார் பெயரில் ஒரு தனிக் கடிதம். இப்படியே அடுத்த பருவமும் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் வியாபாரி ஒருநாள் வந்தார். தும்பைப்பூ வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. "சார், இத இவ்ளோ நாள் இழுக்கணுமா? ரெண்டு மனுவும் ஒரே பொம்பளதான். முந்தி ஒண்ணு குடுத்தா, மறந்துட்டு இன்னொண்ணு குடுத்தா. மலையில இருக்கறவங்களுக்கு இன்னா தெரியும். மூக்குத்தி மொதக்கொண்டு ஒரே மாதிரி இருக்குதே, பாத்தாலே தெரில?"

இரண்டு மனுக்களும் ஒரே ஆளுடையவை என்றால் பின்னால் வந்ததை மூடிவிட வேண்டும், முன்னால் வந்தது நிற்கும். அதுவும் விதி. மனிதர் விதி தெரிந்துதான் பேசினார். மூக்குத்தி என்று அவர் சொன்னது புகைப்படத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சந்தை நாளில் அம்மாள் வந்து எண்ணினார். விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பத்து."

"சரியா எண்ணுங்கம்மா."

"நீ எண்ணு."

எண்ணினேன். மூக்கின்மேல் கடுகளவுக்கு ஒரு புள்ளி, அதன் கீழே சின்னதாக ஒரு வளைவு. மூக்குத்தி. மற்ற கோடுகளைப் போலவே கறுப்பாகத்தான் இருந்தது. அம்மாள் வலது கை ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து நனைத்து, நான் தடுப்பதற்குள் அந்த இடத்தில் தேய்த்தார். புள்ளி ஊதாவாகக் கரைந்து கன்னத்தில் பரவியது. மற்ற கோடுகள் அப்படியே இருந்தன.

நனைத்தால் ஊதாவாகும் காப்பியிங் பென்சில். கார்பன் வைத்து எழுத அந்த நாளில் எல்லோரும் வைத்திருந்ததுதான். "மூட்டை மேல எடை எழுத அந்த யாவாரி இதத்தான் நாக்குல தொட்டுத் தொட்டு எழுதுவான்" என்றார் அம்மாள். "அவன் நாக்கே ஊதா." பிறகு என் மேஜையைப் பார்த்தார். பேனாக்கூட்டில் அதே பென்சில் ஒன்று நின்றிருந்தது. வரைவாளர் மேஜையிலும் ஒன்று இருந்தது. பியூன் காதில் ஒன்று செருகியிருந்தது.

"யாரு போட்டது?"

வியாபாரி கோப்பைத் தொட்டிருக்க முடியாது. சாவி எங்கள் மூவரிடமும் புழங்கியது. பியூன் வரைவாளரைப் பார்த்தார். வரைவாளர் என்னைப் பார்த்தார். அம்மாள் மூன்று பேருடைய கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என் கைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். கோப்பு என் பொறுப்பு. விதிப்படியும் அதுதான் சரி.

"நான் இல்லம்மா."

"நீ இல்லன்னு யாரு சொல்றது?"

அந்தப் பத்தாவது கோட்டைப் போட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரைவாளரும் பியூனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கிருக்கும் சந்தேகம் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது.

அன்று ஒரு விதியை மீறினேன். முதல் மனுவை எடுத்து அம்மாள் முன்னால் வைத்தேன். "உங்க பேர்ல இவங்க குடுத்திருக்காங்க. இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

அம்மாள் அந்த முகத்தைப் பார்த்தார். "தெரியாது" என்றார். பிறகு மடித்திருந்த கீழ்ப்பாதியை நிமிர்த்தினார். ஸ்டூடியோவின் பூச்சாடி மேஜைமேல் அந்தப் பெண் கையை ஊன்றி நின்றிருந்தாள். இடது கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாகக் கோணி நின்றது.

"மூஞ்சி தெரியல. கை தெரியுது" என்றார் அம்மாள். "கெடங்குல என் புளிய மூட்டையில போட்டு அமுக்குன கை."

வருஷக்கணக்காக எதிரில் நின்று புளி வாங்கிய பெண்ணின் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. எடைபோடும் இடத்தில் முகத்துக்கு என்ன வேலை.

மறு சந்தையில் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் மூக்குத்தி போட்ட பெண். பின்னால் அவள் முந்தானை நுனியைப் பிடித்தபடி அந்த அம்மாள். வழியில் இறங்கி ஓடிவிடக்கூடாதே. தாசில்தார் அன்று முகாமில் இருந்தார்.

"இவதான் நானாம்" என்றார் அம்மாள். "கேளு."

அந்தப் பெண் கிடங்கில் புளிக்குக் கொட்டை எடுப்பவள். "விதவைப் பென்சன் வாங்கித் தர்றேன்னு படம் எடுக்க வெச்சாருங்க மொதலாளி. ரேகை வெச்சேன். இன்னா எழுதியிருந்துச்சின்னு தெரியாதுங்க. மரமெல்லாம் எனக்கு இன்னாத்துக்குங்க? மலைக்கு வர்றதே இதான் மொத தடவ."

"உங்க பேர் என்ன?" என்று தாசில்தார் கேட்டார். அவள் சொன்ன பெயர் மனுவில் இருந்த பெயர் அல்ல.

"வேலைய வுட்டு நிறுத்திடுவாருங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

"நிறுத்தட்டும்" என்றார் அம்மாள். "மாசியில புளி உலுக்க எனக்கு ஆள் வேணும். கூலி அன்னன்னிக்கி சாயங்காலமே. நீ எண்ணிப் பாத்துட்டு வாங்கிக்கோ. என்ன நம்பாத."

அவள் வாக்குமூலத்தை நான் எழுதினேன். ரேகை வைக்கும்போது அம்மாள் குறுக்கே வந்தார். எழுதியதை முதலில் என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தாசில்தாரைப் படிக்கச் சொன்னார். ஒரு தாசில்தாரை இரண்டாவது வாசகராக வைத்துக்கொண்டவர் மலையில் அவர் ஒருவர்தான். தாசில்தாரும் படித்தார்.

முதல் மனு தள்ளுபடியானது. வியாபாரி தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். ஊதா நாக்கோடுதான் சொன்னார். ஆனாலும் அம்மாளுக்குப் பட்டா கிடைக்கவில்லை. அவர் மனுவில் இருந்தது இன்னமும் அந்தச் சித்திரம்தான், அதுவும் கன்னத்தில் ஊதாக் கறையோடு. மேலிடம் முடியாது என்று எழுதினால் மரங்கள் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் யார் கை முதலில் உயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு போட்டோ எடுத்துவிட்டால் இன்றே முடிந்துவிடும் என்று தாசில்தாரே எடுத்துச் சொன்னார். "ஒரு போட்டோ பண்ண வேலையத்தான் பாத்துட்டமே" என்றார் அம்மாள்.

நடந்ததையெல்லாம் எழுதி, கறை எப்படி வந்தது என்பதையும் விளக்கி, மறுபடி ஒரு கடிதம் அனுப்பினேன். முன்பு பதில் வராமலிருப்பது நல்லது என்றவன் இப்போது தபால் பையைத் தினமும் நானே பிரித்தேன். அம்மாள் வழக்கம்போல வந்து எண்ணினார். ஒன்பது கோடு, ஒரு கறை. கறையின் அளவைச் சுண்டுவிரல் நகத்தால் அளந்து வைத்திருந்தார்.

ஒரு சந்தை நாளில் பகல் பஸ் கொண்டுவந்த தபாலில் அது இருந்தது. 'மேற்படி சித்திரத்தைச் சிறப்பு நேர்வாகக் கருதி, முன்னுதாரணமாகக் கொள்ளாமல், ஏற்கலாம்.' மூன்று தடவை படித்தேன். நிமிர்ந்தபோது அம்மாள் எதிரில் நின்றிருந்தார். என் கைகளைப் பார்த்தார்.

"வந்துடுச்சா" என்றார்.

படித்துக் காட்டினேன். அம்மாள் கடிதத்தை வாங்கிக்கொண்டார். பியூன் கூடவே போக, கடைவீதியின் அடுத்த கோடிக்குப் போனார். இரண்டாவது ஆள் படிக்கும் நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"அந்த ஆளும் அதேதான் சொல்றான்."

டீ வரவழைத்தேன். இரண்டு கிளாஸ்கள் மேஜையில் இருந்தன. வழக்கப்படி நான் முதலில் குடித்துக் காட்டுவதற்காக என் கிளாஸை எடுத்தேன். அதற்குள் அம்மாள் தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். பியூன் எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆறுது பாருங்க சார்" என்றார் அம்மாள். "நீங்களும் குடிங்க."

உள்வரவு முத்திரையைக் கடிதத்தில் நானே குத்தினேன். மரங்களில் புளி பழுத்து உலுக்கலுக்கு நின்றிருந்த மாசி மாதத்தில், இரண்டாவது சந்தை நாள்.